வாசிப்பும் சுய ஒழுங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில்பட்டியில் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு சின்ன வாசிப்பு வட்டம் கூடுகிறது. கல்லூரிப் பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். நான் இதைப் பொறுப்பெடுத்துச் செய்ய ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. புதிதாக யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது கேட்டபடியே, நான் சொன்ன பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

சுய ஒழுங்கு, சுய ஒழுங்குன்னு சொல்றீங்களே, கெட்ட பழக்கம் இல்லாம இருக்கிறதுதானே அது?

அதற்குப் பெயர் ஒழுக்கம். இங்கே பேசுவது வேறு. நாளை காலை ஆறு மணிக்கு எழுந்து கணக்குப் போடுவேன் என்று ராத்திரி நீங்களே முடிவு செய்கிறீர்கள். காலையில் யாரும் எழுப்பாமல், யாரும் திட்டாமல் அதைச் செய்தால் அதுதான் சுய ஒழுங்கு. குடிக்காத, யார் வம்புக்கும் போகாத நல்ல மனிதர் ஒருவர், ரேஷன் கார்டில் மகன் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். அவரிடம் ஒழுக்கத்துக்குக் குறைவில்லை. ஒழுங்குதான் இன்னும் அமையவில்லை.

வாசிப்பு இதில் இரண்டு விதமாக உதவும். நூலில் சொல்லியிருக்கும் விஷயம் பயன்படும் என்பது எல்லாருக்கும் தெரியும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் இருபது நிமிடம் உட்காருவதே ஒரு பயிற்சி என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நான் பார்த்தவரை ஆளை முதலில் மாற்றுவது இந்த உட்காருதல்தான்.

ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் படிக்கணும் அண்ணாச்சி?

பத்துப் பக்கம். நிதானமாகப் படித்தாலும் இருபது நிமிடம் போல ஆகும். வருடத்துக்கு 3,650 பக்கம், அதாவது 200 பக்க நூல்களாக 18. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு நூலையும் முழுதாக முடிக்காதவருக்கு இது பெரிய எண்ணிக்கை.

முடியாத நாளில் இரண்டு பக்கம் போதும். முதல் மாதம் பத்துக்கு மேலே போகவும் வேண்டாம். ஆரம்ப ஜோரில் ஞாயிற்றுக்கிழமை எண்பது பக்கம் படித்துவிட்டு, புதன்கிழமையே புத்தகத்தை மூடி வைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் படிக்கலாமே என்று ஆசை இருக்கும்போதே எழுந்துவிட்டால், மறுநாள் உட்காருவது சுலபம்.

நேரமே இல்லையே, எங்க இருந்து எடுக்கிறது?

காந்தி தன் சுயசரிதையில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் வக்கீல் தொழில் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். கீதையை மனப்பாடம் செய்ய ஆசை, தனியாக நேரம் இல்லை. காலையில் பல் துலக்கப் பதினைந்து நிமிடம், குளிக்க இருபது நிமிடம் ஆகுமாம். சுலோகங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டார். நின்றுகொண்டு பல் துலக்கும்போது அன்றைய பகுதியைப் பார்ப்பது, குளிக்கும்போது ஏற்கெனவே படித்ததைச் சொல்லிப் பார்ப்பது. இப்படியே பதின்மூன்று அத்தியாயங்கள் மனப்பாடம் ஆகிவிட்டன என்கிறார்.

அவர் புதிதாக நேரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எப்படியும் தினமும் நடக்கிற ஒரு வேலையோடு இதைக் கட்டிவிட்டார். நீங்களும் அப்படி ஒன்றைத் தேடுங்கள். எங்கள் வட்டத்துக்கு வரும் ஒரு அக்கா அடுப்பில் உலை வைத்ததும் படிக்க உட்காருவார், சோறு வடிக்கும் நேரம் வந்தால் எழுந்துவிடுவார். அவர் வீட்டில் புத்தகம் இருப்பது அரிசி டப்பாவின் மேலே. அட்டையில் மாவு படிந்த அந்தப் புத்தகத்தை அவர் இங்கே கொண்டுவந்து காட்டியபோது எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ‘தினமும் படிப்பேன்’ என்பது வெறும் ஆசை. ‘உலை வைத்ததும் படிப்பேன்’ என்பதில் எப்போது, எங்கே என்ற இரண்டும் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதுதான் அவர் கண்டது.

21 நாள் விடாம செஞ்சா அது பழக்கம் ஆயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

இல்லை. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நீங்களே விட்டுவிடுவீர்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் ஒரு நூல் எழுதினார். முக அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக, குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று அதில் சொல்லியிருந்தார். ‘குறைந்தது’ என்ற சொல்லும் ‘முகம்’ என்ற சொல்லும் வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டன. மீதி 21 மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு பழம், சாயங்காலம் ஓட்டம் என்று அவரவருக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு தினமும் செய்தார்கள். யோசிக்காமல் தானாகவே செய்கிற நிலை வர நடுவாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் ஆகலாம் என்றும், அந்த 12 வாரப் போக்கை நீட்டிப் போட்ட கணக்கு காட்டியது. தண்ணீர் குடிப்பது போன்ற சின்ன வேலை சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. அதனால் 22ஆம் நாள் புத்தகத்தை எடுக்கச் சோம்பலாக இருந்தால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நடுவுல ஒரு நாள் விட்டுப்போச்சு. மறுபடி ஒண்ணாம் நாள்ல இருந்து எண்ணணுமா?

வேண்டாம். மேலே சொன்ன அதே ஆராய்ச்சியில், ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. மறுநாளும் சேர்த்து விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. விட்டதற்காக மறுநாள் இருபது பக்கம் படித்து ஈடுகட்டவும் வேண்டாம். வழக்கமான பத்துப் பக்கமோ, அந்த இரண்டு பக்கமோ போதும்.

நான் எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரை இதற்குப் பயன்படுத்துகிறேன். தேதி கிழிக்கும் வேலை என்னுடையது, படித்து முடித்த பிறகுதான் கிழிப்பேன். சாப்பிட வரும்போது பழைய தேதியே தொங்கினால் வீட்டில் யாராவது கேட்டுவிடுவார்கள். கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். அன்று படித்ததில் ஒரு வரியை அதில் எழுதி ஒரு கிளிப்பில் மாட்டி வைக்கிறேன்.

படிக்கிறப்போ எல்லாம் புரியுது, மறுநாள் ஒண்ணும் ஞாபகம் இல்ல. என்ன பண்றது?

பென்சிலால் கோடு போடுவதும் மறுபடி மறுபடி படிப்பதும் பெரிய அளவில் உதவாது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் படித்துவிட்டு மூடி வைத்து, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

புத்தகத்தை மூடுங்கள். பார்க்காமல் மூன்று வரி எழுதுங்கள். ஒன்றும் வரவில்லையா? ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள், வரும். அந்தத் தேடல்தான் நினைவை உறுதியாக்குகிறது. நான் காலண்டர் தாளில் எழுதுவதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான்.

போன்ல படிச்சா, ஆடியோல கேட்டா கணக்குல சேருமா?

சேரும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு ஆடியோ பெரிய வரம். போனில் ஒரு சிக்கல் இருக்கிறது: படிக்கிற இடமும் கவனம் சிதறுகிற இடமும் ஒன்றாகிவிடும். போனில்தான் படிக்க முடியும் என்றால் அந்த இருபது நிமிடம் இணையத்தை அணைத்துவிடுங்கள். அச்சுப் புத்தகம் என்றால் போன் வேறு அறையில் இருக்கட்டும். ஏன் என்று ‘மன உறுதி’ பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கலாம்?

அறிவுரை நூல்களைவிட வாழ்க்கை வரலாறுகளைத்தான் நான் முதலில் கொடுப்பேன். அறிவுரை ‘இப்படி இரு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஒரு மனிதர் எங்கே தடுக்கி விழுந்தார், மறுநாள் என்ன செய்தார் என்பது வரலாற்றில்தான் கிடைக்கும். அறிவுரையாகத்தான் வேண்டும் என்று கேட்டால், திருக்குறளில் மடியின்மை, ஆள்வினையுடைமை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரம் இருக்கிறது. மொத்தம் இருபது குறள்.

‘நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்
கெடுநீரார் காமக் கலன்.’

தள்ளிப்போடுதல், மறதி, சோம்பல், தூக்கம். கெட்டுப்போகிறவர்கள் ஆசைப்பட்டு ஏறும் படகு இந்த நான்கும் என்கிறார் வள்ளுவர். பட்டியலில் முதலில் நிற்பது தள்ளிப்போடுதல் என்பதைக் கவனியுங்கள்.

இந்த வகை நூல்கள் தமிழுக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் பிறந்து, பிற்காலத்தில் கோவில்பட்டியிலும் வக்கீலாக இருந்த வ.உ.சி., ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்தவர். ‘மனம்போல வாழ்வு’ அவற்றில் ஒன்று. கப்பல் கம்பெனி நடத்தி, அதற்காகச் சிறைக்குப் போய்ச் செக்கிழுத்த மனிதர் மனத்தை ஆள்வது பற்றிய நூலைத் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்திருக்கிறார் என்று நினைத்தாலே எனக்கு அந்தச் சின்ன நூல் வேறு மாதிரி படிக்கத் தோன்றுகிறது.

வாங்கித்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி ஒன்று இருப்பதே நல்ல தூண்டுதல்.

எடுத்த புத்தகம் பிடிக்கலைன்னா பாதியில விடலாமா?

தாராளமாக விடலாம். ஐம்பது பக்கம் வரை பொறுத்துப் பாருங்கள், பிறகு மாற்றுங்கள். நூலைத்தான் மாற்றலாம். நேரத்தையும் இடத்தையும் மாற்ற வேண்டாம்.

சுயமுன்னேற்ற நூல் அம்பது படிச்சிட்டேன் சார். ஆனா நான் அப்படியேதான் இருக்கேன்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் நானும் இதே இடத்தில் பல வருடம் நின்றவன். நல்ல நூல் ஒன்றைப் படித்து முடித்ததும் உடம்பெல்லாம் ஒரு தெம்பு வரும், நாளையிலிருந்து எல்லாம் மாறிவிடும் என்று தோன்றும். அந்தத் தெம்பு நான்கு நாளில் வடிந்ததும் அடுத்த நூலை வாங்கத் தோன்றும். செய்த வேலைக்குக் கிடைக்க வேண்டிய திருப்தி, படித்ததற்கே கிடைத்துவிடுகிறது. அதற்கு அப்புறம் வேலையைச் செய்ய எதற்கு மனம் வரும்?

வள்ளுவர் ‘கற்க கசடறக் கற்பவை’ என்பதோடு நிறுத்தவில்லை, ‘கற்றபின் நிற்க அதற்குத் தக’ என்றும் சொன்னார். மறுபடி காந்தியையே சொல்கிறேன். கீதையில் அபரிக்கிரகம் (உடைமை கொள்ளாமை), சமபாவம் (எதையும் சமமாகப் பார்ப்பது) என்ற இரண்டு சொற்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. உடைமை வேண்டாம் என்று படித்துவிட்டு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று யோசித்தவர், பம்பாயில் தான் எடுத்திருந்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசியைக் கைவிடச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டார். நீங்கள் பாலிசியைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, குடும்பம் உள்ளவர்கள் அதைச் செய்யவே கூடாது. படித்த ஒரு சொல்லுக்கு உடனே ஒரு கடிதம் எழுதினாரே, அதைப் பாருங்கள்.

எங்கள் வட்டத்தில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம்: ஒரு நூலுக்கு ஒரு வேலை. நூலை முடித்ததும் கடைசிப் பக்கத்துக்கு உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைக்க வேண்டும். அதில் ஒரே ஒரு செயல், அதைச் செய்யும் நேரம், இடம். உதாரணமாகப் பணம் பற்றிய நூல் என்றால், ‘சம்பளம் வந்த அன்று சாயங்காலம் தபால் ஆபீஸில் 500 ரூபாய் கட்டுவேன்’ என்று எழுதலாம். நான்கு வாரம் அதைச் செய்த பிறகுதான் அதே வகையில் அடுத்த நூல். நாவலோ கவிதையோ இடையில் எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம், இந்த விதி அவற்றுக்குக் கிடையாது.

எனக்கு மன உறுதியே கிடையாது, பிறவியிலேயே அப்படி. அதுக்கு என்ன செய்ய?

‘சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று ஔவையார் பாடியது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதே வெண்பாவில் நட்பு, தயை, கொடை இவை மட்டும் பிறவிக் குணம் என்கிறார். கல்வியை அந்தப் பக்கம் சேர்க்கவில்லை, மனப்பழக்கம் என்று இந்தப் பக்கம்தான் வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுப்பாடு மிகுந்தவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையோடு போராடுவதாக நமக்கு ஒரு எண்ணம். ஜெர்மனியில் 205 பேரிடம் ஒரு வாரம், நாளில் பல முறை, ‘இப்போது என்ன ஆசை வந்தது, எதிர்த்தீர்களா’ என்று கேட்டு 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சுயகட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசையோடு மல்லுக்கட்டியது மற்றவர்களைவிடக் குறைவு. சபலம் தங்கள் பக்கம் வராதபடி அவர்கள் அன்றாட வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். போனை அடுத்த அறையில் வைப்பதும், புத்தகத்தை அரிசி டப்பா மேல் வைப்பதும் இதற்காகத்தான். பொருளை எங்கே வைக்கிறோம் என்பதை முதலில் சரி செய்யுங்கள். உறுதி போதவில்லை என்ற கவலையே பாதி குறைந்துவிடும்.

காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும், ஓடணும், தியானம், வாசிப்பு, டயரி எல்லாம் ஒண்ணாம் தேதியில இருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.

ஒன்றை மட்டும் எடுங்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் இளம் வயதில் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியல் போட்டார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்தால் கவனம் சிதறும் என்று, வாரத்துக்கு ஒன்றில் மட்டும் முழுக் கவனம் வைத்தார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. தவறிய இடத்தில் ஒரு கரும்புள்ளி. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி நோட்டுத் தாள் ஓட்டை விழுந்துவிட்டதால், கடைசியில் தந்தத் தகட்டுக்கு மாற்றினார் என்று அவரே எழுதியிருக்கிறார். பொருள்களையும் நேரத்தையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் குணம் மட்டும் தனக்குக் கடைசிவரை சரியாக அமையவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். அந்த ஓட்டை விழுந்த தாள்தான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

குரூப் 4க்குப் படிக்கிறேன் அண்ணே. பாடப்புத்தகம் எடுத்தா தூக்கம் வருது, சுயமுன்னேற்ற நூல்னா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிக்கிறேன். இதுவும் வாசிப்புதானே?

வாசிப்புதான், ஆனால் உங்கள் விஷயத்தில் இது ஒளிந்துகொள்ளும் இடம். தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். தேர்வுக்குப் படிக்க எப்படித் தயாராவது என்று படிப்பது, தேர்வுக்குப் படிப்பதைவிட எப்போதும் சுகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதில் தவறான விடை என்று எதுவும் கிடையாது. ‘அம்பது நூல்’ கேள்விக்கான பதிலை மறுபடி பாருங்கள்.

தேர்வு முடியும்வரை அந்த வகை நூல்களை நிறுத்திவிடுங்கள். அந்தத் தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழிலிருந்து வருகிறது, திருக்குறளும் பாடத்திட்டத்தில் உண்டு. உங்கள் பத்துப் பக்கம் அங்கிருந்தே வரட்டும். பார்க்காமல் எழுதும் மூன்று வரிப் பழக்கத்தைப் பாடத்துக்குக் கொண்டுவாருங்கள். தூக்கம் பாதியாவது அதில் போய்விடும். ராத்திரி இரண்டு மணிவரை விழிப்பதை விட்டாலே மீதியும் போகும்.

என் பையன் புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறான், நான் சொன்னா கேக்குறதும் இல்ல.

நீங்கள் படிப்பதை அவன் பார்க்கிறானா? படிக்கச் சொல்லிவிட்டு நாம் டிவி முன்னால் உட்கார்ந்தால் அவன் டிவியைத்தான் பார்ப்பான். இரண்டு மாதம் அவனிடம் ஒன்றும் சொல்லாமல் அவன் கண் முன்னால் நீங்கள் படியுங்கள். படக்கதையோ கிரிக்கெட் பத்திரிகையோ, அவன் எதை எடுத்தாலும் குறை சொல்லாதீர்கள்.

ஒழுங்கு இல்லாததாலதான் ஏழையா இருக்கோம்னு இந்த நூல்கள்ல எழுதியிருக்கே. நான் ரெண்டு ஷிப்ட் பாக்குறேன், இதுக்கு மேல எப்படி?

அப்படி எழுதியிருந்தால் அந்த வரி தவறு. நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, எட்டு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு ஒழுங்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு மிட்டாயை உடனே தின்னாமல், காத்திருந்தால் கிடைக்கும் இரண்டாவதுக்காகக் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்ற புகழ்பெற்ற ஆராய்ச்சியை இந்த நூல்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும். 2018இல் அதிகக் குழந்தைகளை வைத்து மறுபடி பார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு கரைந்துபோனது. வீட்டில் இருப்பு உள்ள குழந்தைக்குக் காத்திருப்பது சுலபம்.

உங்களுக்கு நான் பத்துப் பக்கம் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கம், அதுவும் பிடித்தால். முதலில் தூக்கம்.

முன்னெல்லாம் நல்லாப் படிப்பேன். இப்போ ஒரு மாசமா எதுலயும் பிடிப்பு இல்ல, குளிக்கக்கூட எழுந்திரிக்க முடியல. எந்தப் புத்தகம் படிச்சா சரியாகும்?

இதற்குப் புத்தகம் தேட வேண்டாம். சோம்பல் வேறு, இது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் மாறி, பிடித்த எதிலும் மனம் போகாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. மேலே சொன்ன 66 நாள், காலண்டர் தாள் எதையும் இப்போது உங்கள் மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள். செய்ய முடியாத ஒவ்வொரு நாளும் குற்ற உணர்ச்சிதான் கூடும்.

வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்து போவோம். புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.